ஸ்பானிஷ்காரர்களின் ஆங்கிலப் பிழைகள்: ஒரு குட்டி வரலாறு

ஸ்பானிஷ் பேசும் ஒருவர் புதிதாக ஆங்கிலம் கற்கிறார். வயதைக் கேட்டால் "ஐ ஹேவ் ட்வென்டி இயர்ஸ்" என்பார். மழை பெய்தால் "ஈஸ் ரெய்னிங்" என்பார். "பீப்பிள் ஆர்" என்பதற்குப் பதில் "பீப்பிள் ஈஸ்" என்பார். கவனக்குறைவா? இல்லை. ஸ்பானிஷில் வயதை 'வைத்திருக்கிறேன்' என்றுதான் சொல்ல வேண்டும். வினைச்சொல்லே ஆளைக் காட்டிவிடுவதால் எழுவாயை விட்டுவிடலாம். மக்களைக் குறிக்கும் 'ஹென்டே' என்ற சொல் அங்கே ஒருமை.

சரி, இப்படிப்பட்ட பிழைகளை ஆசிரியர் என்ன செய்வது? இந்தக் கேள்விக்கு 20ஆம் நூற்றாண்டில் பதில் இரண்டு முறை மாறியது.

1941இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் சார்லஸ் ஃப்ரீஸ் ஓர் ஆங்கிலப் பயிற்சி நிலையத்தைத் தொடங்கினார். முதலில் வந்தவர்கள் லத்தீன் அமெரிக்க மாணவர்கள். மொழி என்பது பழக்கம், பிழை என்பது கெட்ட பழக்கம். இதுதான் அக்காலக் கொள்கை. எனவே சரியான வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தார்கள்.

ஃப்ரீஸின் மாணவர் ராபர்ட் லாடோ. 1915இல் ஃபுளோரிடாவில் பிறந்து, ஸ்பெயினில் வளர்ந்து, 21 வயதில் அமெரிக்கா திரும்பிய பிறகு ஆங்கிலம் கற்றவர். 1957இல் அவர் எழுதிய நூல் ஒரு வழி சொன்னது. இரண்டு மொழிகளையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். ஒத்திருக்கும் இடம் சுலபம், வேறுபடும் இடம் கடினம். பிழை எங்கே வரும் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம்!

ஆனால் எல்லாப் பிழைகளும் இந்தக் கணக்கில் அடங்கவில்லை. "வென்ட்" என்பதற்குப் பதில் "கோட்" (கோ + எட்) என்று சொல்பவர் அதை ஸ்பானிஷிலிருந்து எடுக்க முடியாது. ஆங்கிலம் தாய்மொழியான குழந்தைகளும் அப்படித்தானே சொல்கிறார்கள்?

1967இல் பிட் கார்டர் என்ற பிரிட்டிஷ் மொழியியலாளர் இதைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டார். பிழை என்பது மாணவர் மனதுக்குள் ஒரு விதியை உருவாக்கிச் சோதித்துப் பார்ப்பதன் அடையாளம் என்றார் அவர். 1974இல் ஹெய்டி டுலேயும் மரீனா பர்ட்டும் ஸ்பானிஷ் பேசும் 60 சிறுவர்களையும் சீன மொழி பேசும் 55 சிறுவர்களையும் ஆராய்ந்தார்கள். 11 ஆங்கில இலக்கணக் கூறுகளை இரு குழுவும் ஏறக்குறைய ஒரே வரிசையில் கற்றுக்கொண்டது தெரிந்தது. தாய்மொழி வேறு, பாதை கிட்டத்தட்ட ஒன்று!

அப்படியானால் லாடோ சொன்னது முழுக்கத் தவறா? அதுவும் இல்லை. "ஐ நோ அண்டர்ஸ்டாண்ட்" என்ற வாக்கியத்தைப் பாருங்கள். ஸ்பானிஷில் வினைக்கு முன் 'நோ' போட்டால் எதிர்மறை. அதே சமயம், வேறு மொழிக்காரர்களும் ஆங்கிலம் கற்கும்போது இந்தக் கட்டத்தைக் கடந்துதான் போகிறார்கள். தாய்மொழியும் அதையே சொல்லித் தருவதால் ஸ்பானிஷ்காரர் அங்கே கொஞ்சம் கூடுதல் நாள் தங்கிவிடுகிறார். ஆக, ஒரே பிழைக்கு இரண்டு காரணங்கள்.

இது வெறும் ஆராய்ச்சிச் சண்டை அல்ல. பிழையைக் கெட்ட பழக்கம் என்று நினைக்கும் வகுப்பில், தப்பாகிவிடுமோ என்ற பயத்தில் மாணவர் வாயை மூடிக்கொள்வார். அது கற்றலின் அடையாளம் என்று தெரிந்த ஆசிரியர் சிவப்பு மையால் சுழிக்கும் முன், 'இந்த விதி இவருக்கு எங்கிருந்து வந்தது?' என்று யோசிப்பார். திருத்தம் இரண்டு இடத்திலும் உண்டு. ஆனால் இரண்டாவது வகுப்பில்தான் மாணவர் தொடர்ந்து பேசுவார். பேசினால்தானே மொழி வரும்?