பத்தனைப் புல்லும் மலைநாட்டு மாடும்

கண்டி மாநகருக்குத் தென்கிழக்கே, மலை மடிப்புகளின் நடுவே அமைந்தது ஹேவாஹெட்ட. மந்தையோடு நாடு சுற்றும் குலத்தார் இங்கு வாழ்ந்தாரல்லர். ஆயினும் மழையையும் வெயிலையும் கணித்துக் கால்நடைகளை இடம் மாற்றி மேய்க்கும் முறையொன்று இங்கு வேரூன்றியிருந்தது. அம்முறை சிதைந்த விதமும், மக்கள் அதற்கு ஈடுகொடுத்த விதமும் அறியத்தக்கன.

கண்டியரசின் காலத்தில் உழவனுக்குப் பள்ளத்தில் வயல், மேட்டில் தோட்டம், அதற்கப்பால் சேனை, அதனினும் மேலே காடும் பத்தனை எனப்படும் புல்வெளியும் இருந்தன. வயலில் பயிர் நிற்கும் காலத்தில் மாடுகளும் எருமைகளும் மேலே சென்றன. அறுவடை முடிந்ததும் கீழிறங்கித் தாள் மேய்ந்தன. கோடையில் முற்றிய புல்லைத் தீயிட்டால் மழையோடு இளம்புல் தளிர்த்தது. உழவும் சூடுமிதிப்பும் அக்கால்நடைகளை நம்பியே நடந்தன. 1681 ஆம் ஆண்டில் வெளிவந்த தம் நூலில் ரொபேட் நொக்ஸ் மாடுகளைக் கொண்டு சூடுமிதித்தலை விவரித்துள்ளார்.

1815 இல் கண்டி ஆங்கிலேயர் வசமாயிற்று. 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், உறுதி காட்ட இயலாத காட்டையும் தரிசையும் முடிக்குரிய காணியெனக் கொண்டது. பொதுவில் மேய்ந்த நிலத்துக்கு உறுதி ஏது? மலைச்சரிவுகள் கோப்பித் தோட்டங்களாயின. வழக்கமான தடத்தில் ஏறிய மாடு, அத்துமீறிய மாடாயிற்று. தோட்டத்தார் அதனைப் பிடித்துக் கட்டி நட்டஈடு கோரினர்.

காடு அழிந்ததால் நீரூற்றும் மண்ணும் கெடுமென அஞ்சியோர் அக்காலத்திலேயே இருந்தனர். 1873 இல் தாவரவியலறிஞர் ஜோசப் ஹூக்கர் எச்சரித்தார். அதன் பின்னர் 5000 அடிக்கு மேற்பட்ட முடிக்குரிய காடுகளின் விற்பனை தடுக்கப்பட்டது. ஆனால் அதற்குக் கீழிருந்த சரிவுகளிற் பெரும்பகுதி ஏற்கெனவே மொட்டையாகியிருந்தது. 1869 இல் தோன்றிய இலைத்துரு நோய் கோப்பியை வீழ்த்தியபோதும் நிலம் மாட்டுக்குத் திரும்பவில்லை. ஹேவாஹெட்டவை அடுத்த லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 1867 இல் 19 ஏக்கரில் நட்ட தேயிலை, அவ்விடத்தை நிரப்பிற்று.

மேய்ச்சல் குன்றிய இடத்தில் கொட்டில் வளர்ந்தது. எருவுக்காக மாடு கட்டிய கோப்பித் தோட்டங்கள் கினிப்புல்லைப் பயிரிட்டன. தமிழகத்திலிருந்து வந்து குடியேறிய தொழிலாளர், லயத்தின் பின்புறத்தே கொட்டிலமைத்துப் பசு வளர்த்தனர். மாடு புல்லைத் தேடிச் செல்லும் நிலை மாறி, மனிதர் ஓடைக்கரையிலும் தோட்ட ஓரத்திலும் புல்லறுத்துத் தலையிற் சுமந்து வரும் நிலை ஏற்பட்டது. பால் விற்ற காசு, நாட்கூலி போதாத வீட்டைத் தாங்கிற்று.

இன்று மழை தவறிய பருவங்களில் இம்முறையும் சோதனைக்குள்ளாகிறது. வரட்சியில் புல் கருகும்போது சீமைக்கிளுவைத் தழை உதவுகிறது. வைக்கோல் விலை கொடுத்து வாங்கப்படுகிறது. மட்டக்களப்பில் பெரும்போகத்தின்போது பட்டிகளை மயிலத்தமடு, மாதவணைப் பக்கம் ஓட்டிச் செல்லும் பண்ணையாளரும், மேய்ச்சல் தரைக்காக 2023 இல் போராட்டத்தில் இறங்கினர்.

வானம் மாறும்போது இடம் மாறுவதே கால்நடை வளர்ப்போரின் பழம்பெரும் அறிவு. அவ்வறிவு பயன்பட வேண்டுமாயின், மாறிச் செல்ல ஓரிடம் எஞ்சியிருத்தல் வேண்டும். மழையின் பிழையை அவர்கள் பலமுறை கடந்துள்ளனர். நிலத்தின் இழப்பையே கடக்க இயலாது தவித்தனர். ஹேவாஹெட்டவின் பத்தனைகள் புகட்டும் பாடம் இதுவே.