நேற்றைய நண்பன், இன்றைய எதிரி

நம் காலத்தில் எதிரி யார் என்பதைப் பத்திரிகைகளும் தொலைக்காட்சிகளுமே தீர்மானித்துத் தருகின்றன. அந்த எதிரி நேற்றுவரை யாருடைய நண்பனாக இருந்தான் என்று நாம் கேட்பதில்லை. ஈராக்கின் வரலாற்றை இக்கேள்வியோடு சற்றுப் புரட்டிப் பார்ப்போம்.

1980 செப்டம்பர் 22 அன்று ஈராக்கியப் படைகள் ஈரானுக்குள் புகுந்தன. ஏறத்தாழ எட்டாண்டுகள் நீடித்த அப்போரில் பல இலட்சம் பேர் மாண்டனர். இரு தரப்பிலும் மாண்டவர்களில் மிகப் பெரும்பாலோர் கலிமா மொழிந்தவர்கள். போரைத் தொடங்கியவர் சதாம் ஹுசைன். அவருக்குப் பணத்தை அள்ளிக் கொடுத்தவர்கள் வளைகுடா மன்னர்கள். இதை மறைத்துவிட்டுப் பழி முழுவதையும் அந்நியர் மீது சுமத்தினால் அது வரலாறு ஆகாது.

ஆயினும் ஆயுதங்கள் எங்கிருந்து வந்தன? சோவியத் யூனியன் பீரங்கி வண்டிகளை விற்றது. பிரான்சு போர் விமானங்களையும் ஏவுகணைகளையும் விற்றது. அமெரிக்காவோ பயங்கரவாதத்தை ஆதரிக்கும் நாடுகளின் பட்டியலிலிருந்து 1982இல் ஈராக்கை நீக்கி, கடனுதவிகளுக்கும் உளவுத் தகவல்களுக்கும் வழி திறந்தது. 1983 டிசம்பர் 20 அன்று அதிபர் ரீகனின் சிறப்புத் தூதர் டொனால்ட் ரம்ஸ்ஃபெல்ட் பாக்தாத் சென்று சதாமின் கையைக் குலுக்கினார். போர்க்களத்தில் இரசாயன ஆயுதம் பயன்படுத்தப்பட்டதை 1984 மார்ச்சில் ஐ.நா. நிபுணர்கள் உறுதி செய்தனர். அதே ஆண்டு நவம்பரில் அமெரிக்கா ஈராக்குடன் முழுத் தூதரக உறவை ஏற்படுத்திக் கொண்டது!

மறுபக்கத்தையும் காண்போம். 1984 ஜனவரியில் அதே பட்டியலில் ஈரான் சேர்க்கப்பட்டது. அதற்கு ஆயுதம் விற்காதீர் என உலக நாடுகளுக்கு வாஷிங்டன் உபதேசம் செய்தது. ஆனால் 1985, 1986ஆம் ஆண்டுகளில் அமெரிக்க ஏவுகணைகள் இரகசியமாக ஈரானுக்கே விற்கப்பட்டன. முதலில் அவற்றை அனுப்பிக் கொடுத்தது இஸ்ரேல். கிடைத்த இலாபத்தில் ஒரு பகுதி நிகரகுவா நாட்டின் கிளர்ச்சியாளர்களுக்குச் சென்றது. லெபனான் பத்திரிகை ஒன்று 1986 நவம்பரில் இந்த இரகசிய விற்பனையை வெளியிட்டிராவிடில் உலகம் அதை அப்போது அறிந்திருக்காது.

1988 மார்ச் 16 அன்று ஹலப்ஜா நகரில் விஷவாயுவால் சுமார் 5,000 குர்து மக்கள் கொல்லப்பட்டனர். அதற்குப் பிறகும் சதாம் எதிரியாகிவிடவில்லை. 1990 ஆகஸ்ட் 2 அன்று குவைத்தின் எண்ணெய் வயல்களில் கை வைத்தபோதுதான் எதிரியானார். அங்கே பணியாற்றிய நம் நாட்டவர் சுமார் 1,70,000 பேர் உழைத்துச் சேர்த்ததை விட்டுவிட்டு விமானங்களில் ஊர் திரும்பிய துயரம் நம் குடும்பங்களும் அறிந்ததே.

அவ்வாண்டு அக்டோபரில் 15 வயதுச் சிறுமி ஒருத்தி, ஈராக்கியச் சிப்பாய்கள் மருத்துவமனையில் பச்சிளம் குழந்தைகளை இன்குபேட்டரிலிருந்து எடுத்து வீசிச் சாகவிட்டதாக அமெரிக்க உறுப்பினர்கள் முன் அழுது கூறினாள். அவள் குவைத் தூதரின் மகள் என்பதும், விளம்பர நிறுவனம் ஒன்று அந்நிகழ்ச்சிக்கு ஏற்பாடு செய்தது என்பதும் 1992இல்தான் வெளிவந்தன. அதற்குள் போர் முடிந்திருந்தது. அமெரிக்கா கணக்கிட்ட போர்ச்செலவு 6,100 கோடி டாலர். அதில் சுமார் 5,400 கோடியைக் கொடுத்தவை சவூதி, குவைத், ஜப்பான், ஜெர்மனி முதலிய பிற நாடுகளே.

2003இல் பாக்தாத் மீது குண்டு பொழிந்தபோது அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர், அன்று கைகுலுக்கிய அதே ரம்ஸ்ஃபெல்ட். காரணமாகக் காட்டிய பேரழிவு ஆயுதக் கிடங்குகள் அகப்படவேயில்லை. 2006 டிசம்பர் 30, ஹஜ்ஜுப் பெருநாள் வேளையில் சதாம் தூக்கிலிடப்பட்டார். ஹலப்ஜா வழக்கு அப்போது தொடங்கவே இல்லை. அவர் தண்டிக்கப்பட்டது துஜைல் ஊரில் 148 பேரைக் கொன்றதற்காக. அக்கொலைகளுக்குக் காரணமான துஜைல் நிகழ்வு நடந்தது, பட்டியலிலிருந்து ஈராக் நீக்கப்பட்ட அதே 1982ஆம் ஆண்டில்.