பல்வலியும் பல்லெடுத்த புண்ணும்

பல்வலிக்குக் கண்டங்கத்திரி விதையை அனலிலிட்டு, அப்புகையை வாயில் பிடித்தல் தமிழக நாட்டு மருத்துவத்தில் நன்கறியப்பட்ட முறையாகும். உப்புநீர் கொப்பளித்தலும் அத்தகையதே. இவை பல் இருக்கும்போது எழும் வலியை நோக்கியவை. பல்லை எடுத்தபின் எழும் வலி வேறு தன்மையது.

பல்லெடுக்கும் வேளையில் உண்டாகும் வலியை 1846இல் பாஸ்டன் நகரப் பல் மருத்துவர் மார்ட்டன் ஈதரால் போக்கினார். எனினும், சில நாள் கழித்து மிகும் வலி எஞ்சியே நின்றது. 1896இல் அமெரிக்கரான கிராஃபோர்டு இந்நிலையை ‘உலர்குழி’ என்னும் பொருள்படப் பெயரிட்டு விளக்கினார். குழியில் உறைந்த குருதி கழன்று எலும்பு வெளிப்படுதலே இதன் இயல்பு. எனவே, உறைகுருதியைக் காத்தலே மருந்தில்லா வலித்தணிப்பின் அடிப்படை எனலாம்.

முதல் நாளில் கன்னத்தின்மீது விட்டுவிட்டு இடும் குளிர் ஒத்தடம் வலியையும் வீக்கத்தையும் தணிக்கும்; தலையை உயர்த்திப் படுத்தலும் துணைசெய்யும். அன்று வேகமாகக் கொப்பளித்தலும் உறிஞ்சிக் குடித்தலும் ஆகா. வெதுவெதுப்பான உப்புநீர் மறுநாள் முதல் ஏற்றது.

ஆக, மரபுவழி வந்த இரண்டனுள் உப்புநீர் உரிய பொழுதறிந்து கொள்ளத்தக்கது. புகையோ புண் ஆறும்வரை தள்ளத்தக்கது. மூன்றாம் நாளுக்குப் பின்னும் வலி மிகுமாயின் மருத்துவரை நாடுதலே முறை.