லயக் காம்பிராவும் சட்டமும்

கேகாலை மாவட்டத்து நேவ்ஸ்மியர் தோட்டத்தை 1946ஆம் ஆண்டில் அரசாங்கம் கிராம விஸ்தரிப்புக்கென எடுத்துக்கொண்டது. அங்கு வாழ்ந்த தொழிலாளர் லயக் காம்பிராக்களை விட்டு வெளியேற வேண்டுமென அறிவித்தல் வந்தது. அவர்கள் அசையவில்லை. அவர்களுக்காக இலங்கை இந்தியக் காங்கிரசின் தொழிற்சங்கம் வேலைநிறுத்தமும் நடத்தியது.

பிறர் காணியில் உரிமையின்றித் தங்குவது உரோம ஒல்லாந்தச் சட்டத்தின்படி குடியியல் தவறு. காணிக்காரர் மாவட்ட நீதிமன்றத்தில் வழக்கிட்டு வெளியேற்றலாம். அதுவோ நீண்ட வழி. ஆகவே தோட்டங்களில் நீதவான் நீதிமன்றத்தை நாடும் வழக்கம் வளர்ந்தது. 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையின் அத்துமீறற் பிரிவு அதற்குக் கைகொடுத்தது. ஆனால் அப்பிரிவு வெறுமனே தங்குவதைக் குற்றமாக்கவில்லை. குற்றம் புரியவோ, அச்சுறுத்தவோ, அவமதிக்கவோ, தொல்லைப்படுத்தவோ எண்ணம் இருத்தல் வேண்டும் என்கிறது. தொழிலாளி போகாதிருந்தால் துரைக்கு எரிச்சல் வரும் என்பது மெய்தான். எரிச்சலூட்டுவதற்காகவா அவன் காம்பிராவில் அடுப்பு மூட்டினான்?

அறிவித்தலின் பின்னும் தோட்டத்திலேயே தங்கிய தொழிலாளி ஒருவரின் வழக்கு இலண்டன் பிரிவிக் கவுன்சில் வரை சென்றது. தனக்கு உரிமை உண்டென மெய்யாக நம்பித் தங்குபவனின் செயல், அந்நம்பிக்கை சட்டப்படி பிழையாயினும், பிறர்க்குத் தொல்லை விளையுமென முன்னறிந்திருந்தான் என்பதால் மட்டும் குற்றமாகாது என 1950இல் அங்கே தீர்க்கப்பட்டது. குற்றத்தீர்ப்பு நிலைக்கவில்லை. காம்பிரா எவருடையது என்ற வினாவோ குடியியல் நீதிமன்றத்துக்குரியதாகவே நின்றது.