ஆறு பென்ஸ் நட்பு

'இரட்டை நகரம்'னு சொன்னாலே, கவுன்சிலருங்க ஓசியில வெளிநாடு போயிட்டு வர்ற ஏற்பாடுதானேன்னு கிண்டல் பண்றவங்க உண்டு. ஆனா இந்த ஒரு ஜோடியோட கதை வேற மாதிரி.

இங்கிலாந்தில் கோவென்ட்ரின்னு ஒரு தொழில் நகரம். 1940 நவம்பர் 14 இரவு ஜெர்மன் விமானங்கள் விடிய விடியக் குண்டு போட்டதில் 500 பேருக்கு மேல் இறந்து போனாங்க. ஊர் நடுவில் இருந்த பழைய தேவாலயம் வெறும் சுவராக நின்றது.

இரண்டு வருஷம்கூட ஆகலை. 1942 ஆகஸ்ட் 23 அன்று அதே விமானப்படை சோவியத் நாட்டின் ஸ்டாலின்கிராடை எரித்தது. குண்டு விழுந்த ஊர் எப்படி இருக்கும்னு கோவென்ட்ரிக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லையே!

830 கோவென்ட்ரி பெண்கள் ஒரு மேஜை விரிப்பில் தங்கள் பெயர்களை நூலால் தைத்து, ஆளுக்கு ஆறு பென்ஸ் போட்டு அனுப்பினாங்க. கணக்குப் போட்டுப் பாருங்க, மொத்தமே இருபது பவுண்டு சொச்சம்தான். ஒரு நகரத்தைத் திரும்பக் கட்ட இது எந்த மூலைக்கு? அவங்களுக்கும் அது தெரியும். பெரிய பரிதாபத்தைவிடச் சின்ன உதவி மேல் என்கிற அர்த்தத்தில் ஒரு வாசகத்தையும் அந்த விரிப்பிலேயே தைத்திருந்தாங்க. 1944-ல் இரண்டு ஊரும் இரட்டை நகரங்கள் ஆச்சு.

போருக்குப் பிறகு கோவென்ட்ரி, குண்டுவீச்சில் நொறுங்கிப் போன கீல், டிரெஸ்டன் என்ற ஜெர்மன் ஊர்களோடும் கைகோர்த்தது. அடித்த நாட்டிலும் அடிபட்ட ஜனங்க இருக்காங்க இல்லையா?

1961-ல் ஸ்டாலின்கிராட் வோல்கோகிராட் ஆனது. பனிப்போர் வந்து போச்சு, சோவியத் நாடே கலைஞ்சு போச்சு. இந்த நட்பு மட்டும் தாக்குப் பிடிச்சது.

2022 பிப்ரவரி 24-ல் ரஷ்யா உக்ரைன் மேல் படையெடுத்தது. அடுத்த மாசமே, உக்ரைனுக்கு ஆதரவாக, கோவென்ட்ரி நகர மன்றம் வோல்கோகிராட் உறவை நிறுத்தி வைத்தது.

சரியா, தப்பா? குண்டு போட்டது வோல்கோகிராட் பாட்டிகள் இல்லையேன்னு ஒரு பக்கம் தோணுது. ஆனா, எரியிற ஊர் பக்கம் நிற்கிறதுதான் இந்த நட்புக்கு அஸ்திவாரமே. கார்கிவ், மரியுபோல் எரியும்போது ரஷ்ய நகரத்தோடு விழா கொண்டாடினா, அந்த ஆறு பென்ஸுக்கு என்ன மதிப்பு? நிறுத்தி வைத்தது சரின்னுதான் நான் சொல்வேன். அதே சமயம், ஒரேயடியா முறிக்காம 'நிறுத்தி' வைத்தாங்க பாருங்க, அதுவும் எனக்குப் பிடிச்சிருந்தது.

அந்த விரிப்பு வோல்கோகிராட் போர் அருங்காட்சியகத்தில்தான் இருக்கு, 830 பெயர்களோட. உறவை நிறுத்தலாம், தைத்த பெயர்களைப் பிரிக்க முடியுமா? நீங்க அந்த மன்றத்தில் உட்கார்ந்திருந்தா எந்தப் பக்கம் கை தூக்கியிருப்பீங்க?