மார்கழி வண்டியும் வைத்தியசாலைப் பாதையும்

தருமபுரி மாவட்டத்துக் கம்பைநல்லூரின் சரித்திரத்தை எழுதப் புகுவோர் தேசிநாதேசுவரர் ஆலயத்தையும், தென்பெண்ணையை நாடிச் செல்லும் ஆற்றையும், 1792-இல் திப்பு சுல்தானிடமிருந்து கம்பெனியார் கைக்கு மாறிய, இவ்வட்டாரம் அடங்கிய பாராமகாலின் நிலவரி ஏற்பாடுகளையும் விவரிப்பது வழக்கம். கடும் வியாதியில் விழுந்த மனைவியைக் கூண்டு வண்டியில் கிடத்திக்கொண்டு, மார்கழிப் பனியில் வைத்தியசாலையை நாடிப் புறப்பட்ட கணவர்களின் பிரயாணத்துக்கும் அந்தச் சரித்திரத்தில் ஓர் அத்தியாயம் உரியது என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

சென்னையிலிருந்து மேல்கரைப் பேப்பூர் வரை 1862-இல் நிறைவெய்திய இருப்புப்பாதை மொரப்பூர் வழியே சென்றமையால், இவ்வட்டாரத்து நோயாளிக்கு மொரப்பூர் ரயிலடி வரையில் மாட்டு வண்டியும், அதற்கப்பால் ஜோலார்பேட்டை, காட்பாடி மார்க்கமாக வேலூர் வரை ரயிலும் வழியாயின. மொரப்பூரிலிருந்து 1906-இல் தருமபுரிக்கும், 1913-இல் ஓசூருக்கும் ஓடிய சிறு ரயிலோ இரண்டாம் உலக யுத்தத்தின்போது இல்லாமற் போயிற்று.

தூரத்தைவிட வண்டியின் குலுக்கலே நோயாளிக்குப் பெரும் சோதனை. கூண்டுக்குள் வைக்கோலைக் கனமாகப் பரப்பி, அதன்மேல் சமுக்காளம் விரித்து, முன்னும் பின்னும் சாக்குப் படுதா கட்டிப் பனிக்காற்றைத் தடுத்தாலும், இரும்புப் பட்டாவிட்ட சக்கரம் கல்லில் ஏறி இறங்கும்போதெல்லாம் உள்ளே படுத்திருப்பவள் முனகுவாள். அதைப் பொறுக்கமாட்டாத கணவன் வண்டியிலிருந்து இறங்கி, மாடுகளின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்துத் தடம் பார்த்து நடத்திச் செல்வான். சுபகாரியம் எதற்கும் ஆகாத மாதமென்று ஒதுக்கப்பட்ட மார்கழியிலும், களத்தில் கேழ்வரகு தாள் காத்துக்கிடக்க, அதே மாடுகளை அவிழ்த்து வண்டியிற் பூட்டியவன் நாளும் கோளும் பார்த்திருக்க முடியாது. கணவன் நோயுற்றாலோ நிலைமை இன்னும் கடினம். வண்டிக்கும் பணத்துக்கும் தமையனையோ மைத்துனனையோ எதிர்பார்த்தே ஒரு பெண் புறப்படவேண்டியிருந்தது.

இந்தப் பாதை வேலூரில் முடிந்ததற்கும் ஒரு காரணம் உண்டு. திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று கணவர்கள் பிரசவ வேதனையிலிருந்த தம் மனைவியருக்கு உதவி கேட்டு வந்தும், ஆண் வைத்தியரான தம் தந்தையை அவர்கள் ஏற்க மறுத்ததால் அம்மனைவியர் மூவரும் மாண்டதைக் கண்ட ஐடா ஸ்கடர், அமெரிக்கா சென்று வைத்தியம் கற்று, 1900-இல் வேலூரில் பணியைத் தொடங்கினார். 1902-இல் அங்கே எழுந்த மேரி டேபர் ஷெல் ஆஸ்பத்திரி, இறந்துபோன தம் மனைவியின் ஞாபகார்த்தமாக நியூயார்க் தனவந்தர் ஒருவர் அளித்த பதினாயிரம் டாலரில் கட்டப்பட்டது. பிறகு ஸ்கடர் அம்மையாரே குடியாத்தம் சாலையில் மரத்தடிகளில் நின்று, நோயாளிகள் இருக்குமிடந் தேடி மருந்து கொடுத்தார். வைத்தியமும் எதிர்த்திசையில் பிரயாணம் செய்யலாம் என்னும் இந்த எண்ணம் அந்தக் காலத்துக்கு மிகப் பெரியது.

காசநோய்க்கு அந்தத் திசைமாற்றம் வரத் தாமதமாயிற்று. 1915-இல் மதனப்பள்ளிக்கருகே ஆரோக்கியவரத்தில் திறக்கப்பட்டது போன்ற சானடோரியங்களில் சுத்தமான காற்று, ஓய்வு, சத்துணவு ஆகியவற்றுக்காக மாதக்கணக்கில் தங்க நேர்ந்தமையால், வியாதியோடு பிரிவும் தம்பதிகளுக்குத் தண்டனையாயிற்று. சென்னையில் 1956-இல் தொடங்கப்பட்ட காசநோய் இரசாயன சிகிச்சை மையம், 193 ஏழை நோயாளிகளில் ஒரு பாதியினரை வீட்டிலும் மறுபாதியினரைச் சானடோரியத்திலும் வைத்து ஒரே மருந்தைக் கொடுத்துப் பார்த்தது. நெருக்கடியான வீட்டில், குறைந்த உணவோடு, குடும்பத்தாரின் நடுவே இருந்தவர்களும் ஏறத்தாழ அதே அளவில் குணமடைந்தனர். வீட்டாருக்கு அதனால் தொற்று அதிகமாகவும் இல்லை. 1959-இல் இம்முடிவு வெளிவந்த பின்னர், கணவனையும் மனைவியையும் பிரித்துவைப்பதற்கு வைத்திய சாஸ்திரத்தில் நியாயம் அற்றுப்போயிற்று. நம் மாகாணத்து வைத்திய சரித்திரத்தில் இதற்கிணையான கருணையை நான் அறியேன்.

1965-இல் சேலத்தினின்று பிரிந்த தருமபுரி மாவட்டம், 2008-இல் தனக்கென அரசு மருத்துவக் கல்லூரியைப் பெற்றது. 108 ஆம்புலன்ஸ் தமிழகத்தில் ஓடத் தொடங்கியதும் அவ்வாண்டிலேதான். 2021 ஆகஸ்டில் அண்டை மாவட்டமான கிருஷ்ணகிரியின் சாமனப்பள்ளியில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்னும் அரசுத் திட்டம் தொடங்கப்பட்டபோது, மாத்திரையோடு, வயிற்றுவழி டயாலிசிஸுக்கான பைகளும் வீட்டு வாசலுக்கு வரலாயின. இரத்தத்தை இயந்திரத்தில் சுத்திகரிக்க வேண்டியவர்களுக்கும், புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு பெறுபவர்களுக்கும் பிரயாணம் இன்னும் ஒழியவில்லை. மார்கழி விடியலில் துணையைக் கைத்தாங்கலாகப் பஸ்ஸில் ஏற்றிச் செல்வோருக்கு, அந்தச் சிகிச்சைகளைத் தாலுகா தோறும் கொணர்வதே இனி ஆகவேண்டிய காரியம்.