எல்.சி.கே.: பெயர் போன பின்னும் நிற்கும் மூன்றெழுத்து

அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில், கொலம்பஸ் நகருக்குத் தெற்கே இருக்கிறது ரிக்கன்பேக்கர் விமான நிலையம். பயணிகளைவிடச் சரக்குக்குப் பேர்போன இடம். ஆசியாவிலிருந்து ஆயத்த ஆடைகளைச் சுமந்து வரும் பெரிய சரக்கு விமானங்கள் இறங்குவதற்குச் சுமார் 12,000 அடி நீளத்தில் இரண்டு ஓடுபாதைகள். பக்கத்திலேயே 2008இல் திறக்கப்பட்ட ரயில் சரக்கு முனையம். பயணிகள் என்று பார்த்தால், அல்லீஜியன்ட்டின் மலிவுக் கட்டண விமானத்தில் ஃபுளோரிடா போகிறவர்கள்தான் அதிகம். அவர்கள் பெட்டியில் ஒட்டும் சீட்டில் எல்.சி.கே. என்றிருக்கும். ரிக்கன்பேக்கர் என்ற பெயரில் 'எல்' கிடையாதே, அது எங்கிருந்து வந்தது?

1942இல் ராணுவ விமானத் தளமாகத் தொடங்கியபோது அருகிலிருந்த சிற்றூரின் பெயரால் இது லாக்போர்ன். 1946 மார்ச்சில் இங்கே வந்து சேர்ந்தவர்கள், டஸ்கீகியில் பயிற்சி பெற்ற கறுப்பின விமானிகள். அதற்கு முந்தைய ஆண்டுதான் இண்டியானாவின் ஃப்ரீமன் ஃபீல்டில், வெள்ளை அதிகாரிகளுக்கென்று ஒதுக்கிய மனமகிழ் மன்றத்துக்குள் இவர்கள் நுழைந்தார்கள். பிரிவினையை ஏற்பதாகக் கையெழுத்திடு என்றதற்கு 101 பேர் மறுத்துக் கைதானார்கள். தேநீர்க்கடையில் தனிக்குவளையை மறுத்தவர்களின் பிள்ளைகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

லாக்போர்னில் தளபதி பெஞ்சமின் டேவிஸ். வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரியில் நான்கு ஆண்டுகள் சக மாணவர்கள் அவரோடு பேசாமல் ஒதுக்கிவைத்தார்கள். அப்படி இருந்தும் 1936இல் பட்டம் பெற்று வந்தவர். இந்தத் தளத்தின் நிர்வாகம் முழுவதும் கறுப்பின அதிகாரிகளின் கையில் இருந்தது. கறுப்பர்களுக்கு நிர்வாகம் வராது என்ற பேச்சு இங்கே செல்லாமல் போனது.

ஆனால் தனித்தளம் தனித்தளம்தான். பயிற்சி பெற்ற கறுப்பின மெக்கானிக் கிடைக்காவிட்டால் இடம் காலியாகவே கிடக்கும். வெள்ளையரை அங்கே போட மாட்டார்கள். இங்கே விமானி மிகுதியாக இருந்தாலும் வேறு படைக்கு அனுப்ப மாட்டார்கள். சாதி என்பது வேலைப் பிரிவினை அல்ல, வேலை செய்பவர்களைப் பிரிப்பது என்று அண்ணல் அம்பேத்கர் சொன்னதை ஒரு விமானத் தளத்தின் பணியாளர் பட்டியலிலேயே பார்க்கலாம். (அதே 1946இல்தான் அண்ணல், கறுப்பினச் சிந்தனையாளர் டுபாய்ஸுக்குக் கடிதம் எழுதினார்.) பிரிவினை வீண்செலவு என்று விமானப்படையும் கணக்குப் போட்டுக் கண்டுகொண்டது. நியாயத்தைவிடக் கணக்கு சீக்கிரம் புரிகிறது. 1948 ஜூலையில் அதிபர் ட்ரூமன் படைகளில் சமவாய்ப்புக்கான ஆணையைப் பிறப்பித்தார்.

1949 மே மாதம் லாஸ் வேகாஸில் விமானப்படையின் துப்பாக்கி சுடும் போட்டி. பழைய பி-47 விமானங்களோடு போன லாக்போர்ன் அணி தன் பிரிவில் முதலிடம் பிடித்தது. விமானப்படையின் ஆண்டுக் குறிப்பேட்டிலோ, 1995 வரை அந்த ஆண்டின் வெற்றியாளர் 'தெரியவில்லை'. கோப்பை, அதே ஒஹையோவில், டேட்டன் நகர விமானப்படை அருங்காட்சியகத்தின் கிடங்கில் கிடந்தது.

போட்டி முடிந்து இரண்டே மாதத்தில் அந்தப் பிரிவு கலைக்கப்பட்டது. வீரர்கள் மற்ற படைகளுக்குப் பிரித்து அனுப்பப்பட்டார்கள். அவர்கள் கேட்டுப் போராடியதும் அதுதான். ஆனாலும் தாங்களே நடத்திக்காட்டிய ஓர் இடம் கையைவிட்டுப் போயிற்று. இதை வெற்றி என்று மட்டும் எழுதிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை.

1974இல் தளத்துக்கு எட்டி ரிக்கன்பேக்கரின் பெயரைச் சூட்டினார்கள். கொலம்பஸ்காரர், முதல் உலகப் போரின் வீர விமானி, மறுப்பதற்கில்லை. பின்னாளில் ஒரு பெரிய விமான நிறுவனத்தின் தலைவராகவும் இருந்தார். அந்தக் காலத்தில் அமெரிக்காவின் பெரிய பயணிகள் விமான நிறுவனம் எதிலும் கறுப்பின விமானி கிடையாது. லாஸ் வேகாஸில் வென்ற அணியின் ஹாரி ஸ்டீவர்ட்டே படையைவிட்டு வந்து விண்ணப்பித்தபோது திருப்பி அனுப்பப்பட்டார். 1964இல்தான் டேவிட் ஹாரிஸ் என்பவருக்கு அந்தக் கதவு திறந்தது. அவரும் கொலம்பஸில் பிறந்தவர்தான்.